பேங்காக் படகு: 16 பாட் போதும், 150 எதுக்கு?

வணக்கம் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் கடுப்போடதான் கேமராவ ஆன் பண்ணிருக்கேன். போன பேங்காக் வீடியோவுக்குக் கீழ பாதிப் பேர், "படகுக்கு 16 பாட்னு சொன்னீங்க, அங்க போனா 150 கேக்கறாங்க"ன்னு திட்டிருக்கீங்க. பாட்ங்கறது தாய்லாந்துக் காசு. பேங்காக் நடுவுல ஓடற சாவோ பிரயா ஆத்துல 16 பாட் படகு இருக்குங்க, நல்லாவே ஓடுது. நீங்க நின்ன வரிசைதான் வேற.

பொறுமையா கேளுங்க. பிடிஎஸ் ரயில்ல சபான் தாக்சின் ஸ்டேஷன்ல இறங்கினா கீழயே சாத்தோர்ன் படகுத்துறை. உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுறது நீலக்கொடி டூரிஸ்ட் படகு கவுண்டர். பெருசா போர்டு, இங்கிலீஷ்ல கூவிக் கூப்பிடுவாங்க. அங்கதான் நாள் முழுக்கப் போற 150 பாட் பாஸ். அதைத் தாண்டி நடங்க. ஊர்க்காரங்க ஆபீஸ் பையோட நிக்கற பக்கம் போய் நில்லுங்க. பின்னாடி ஆரஞ்சுக் கொடி கட்டின படகு வரும். எங்க ஏறி எங்க இறங்கினாலும் 16தான்.

கணக்குப் போட்டுக் காட்டறேன். சாத்தோர்ன்லேர்ந்து கிராண்ட் பேலஸ் அரண்மனைக்குத் தா சாங் துறை, 16. அங்கேர்ந்து நடந்தே வாட் போ கோயில். பக்கத்துல தா தியேன் துறைலேர்ந்து அக்கரைக்கு, வாட் அருண் கோயிலுக்கு, குறுக்குப் படகு 5. வாட் அருண் துறைலேர்ந்து திரும்ப ஆரஞ்சுக் கொடில ராச்சவோங் இறங்கினா சைனாடவுன், இன்னொரு 16. மொத்தம் 37! மிச்சம் 113 பாட். தெருவோரத்துல ஒரு வேளை சாப்பாடே அதுல முடிஞ்சிடும். இதுக்கு இவ்ளோ நேரமான்னு கேக்கறவங்க வீடியோவ ஓட்டிவிட்டுக்கலாம், எனக்கு ஒண்ணும் கோபமில்ல.

ஆங், டிக்கெட் எப்படி வாங்கறதுன்னு சொல்லவே இல்ல பாருங்க. ஏறி உக்காந்துடுங்க. கண்டக்டர் அக்கா கையில நீட்டமா ஒரு தகர உருளை வச்சிருப்பாங்க. அதை 'டக் டக்'னு திறந்து மூடிக்கிட்டே வருவாங்க, அந்தச் சத்தம்தான் "காசு எடு". சில்லறை அதுக்குள்ள போகும், துண்டு டிக்கெட்டும் அதுலேர்ந்தே வரும். 20 பாட் நோட்டு வச்சுக்கோங்க, 1000 பாட் நோட்டெல்லாம் நீட்டாதீங்க. படகு துறைல நிக்கறதே சில நொடிதான். கயிறு பிடிக்கற ஆளு விசில் அடிக்கறதுக்கு முன்னாடி வாசல் பக்கம் வந்துடணும். புத்த பிக்குகளுக்குன்னு படகுல தனியா இடம் விட்டிருப்பாங்க, அங்க போய் நிக்காதீங்க. சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஆரஞ்சுக் கொடி முடிஞ்சிடும்.

அடுத்தது அரண்மனை. சுவரோரமா நல்லா டிரஸ் பண்ணின ஒரு ஆள் வந்து "இன்னிக்கு பூஜை, மூடியாச்சு, வேற கோயில் காட்டறேன், டுக்டுக் 20 பாட்தான்"னு சொல்வாரு. டுக்டுக்னா அங்கத்து ஆட்டோ. எனக்கும் டுக்டுக்குக்கும் ஏழாம் பொருத்தம்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும், காரணமே இதுதான். அந்த 20 பாட் சவாரி போய் நிக்கறது நகைக்கடையிலயோ தையல் கடையிலயோ. காதுலயே போட்டுக்காம நா பிரா லான் ரோட்டுல இருக்கற மெயின் கேட்டுக்கு நேரா போங்க. காலைல 8.30க்குத் திறப்பாங்க, டிக்கெட் சாயங்காலம் 3.30 வரைக்கும், விலை 500 பாட். முட்டி தெரியக்கூடாது, தோள் தெரியக்கூடாது, கிழிஞ்ச ஜீன்ஸும் கூடாது. வெயிலுக்கு முன்னாடி, திறந்த உடனே போயிடுங்க.

உள்ள எல்லாரும் மரகத புத்தர பாக்க முட்டி மோதுவாங்க. சிலை 66 சென்டிமீட்டர்தான், அதுவும் ரொம்ப உயரத்துல, போட்டோவும் எடுக்கக்கூடாது. எனக்கு அதைவிடச் சுத்துப் பிராகார ஓவியம்தான். ராமாயணத்தோட தாய்லாந்து வடிவமான ராமகியென், 178 பகுதியா வரைஞ்சிருக்காங்க. வடக்குப் பக்கம் ஆரம்பிச்சு வலமா சுத்தணும், நம்ம பிரதட்சணம் மாதிரியே. நடுவுல புகுந்தா தலையும் புரியாது, வாலும் புரியாது. கம்பராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு முதல்லயே ஒரு அதிர்ச்சி: இந்தக் கதைல சீதை ராவணனோட பொண்ணு! ராவணன் பச்சை நிறத்துல இருப்பான், பேரு தோட்சகன், அதாவது தசகண்டன். அனுமார் வெள்ளை. அவர் வாயைப் பிளந்து ராமரோட பாசறையையே உள்ள வச்சுக் காக்கற இடம் ஒண்ணு இருக்கு, விட்டுடாதீங்க.

சரி, சாப்பாடு. சைவக்காரங்க "நோ மீட், நோ சிக்கன்"னு சொல்லிட்டு நிம்மதியா உக்காந்துடறீங்க. அங்க மீன் சாஸ் நம்ம ஊரு உப்பு மாதிரி, எல்லாத்துலயும் விழும். "ஜே"ன்னு கேளுங்க. மஞ்சள் கொடில சிவப்பு எழுத்துப் போட்ட கடை தெரிஞ்சா அது ஜே கடை. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூட இல்ல. பப்பாளிக்காய் சாலட், அதான் சோம் தாம், அதுக்கு "மை சை நாம் ப்ளா, மை சை குங்"னு சொல்லணும். மீன் சாஸ் வேண்டாம், இறால் வேண்டாம். அப்பவும் சிக்கல் எங்கன்னா, முந்தின ஆளுக்கு நண்டு போட்டு இடிச்ச அதே உரல்ல உங்களுக்கும் இடிப்பாங்க. கண்டிப்பான சைவம்னா ஜே கடைல மட்டும் சோம் தாம் சாப்பிடுங்க.

காரம் "பெட் நிட் நோய்"னு சொன்னா கொஞ்சமா போடுவாங்க. அவங்க கொஞ்சம் நமக்கே கண்ணுல தண்ணி வரவைக்கும்.

கடைசியா மாம்பழ ஸ்டிக்கி ரைஸ், அதாவது ஒட்டற அரிசிச் சோறும் மாம்பழமும். ஏப்ரல், மே மாசம் போறவங்க கொடுத்து வச்சவங்க, நாம் டோக் மாய் மாம்பழம் அப்பதான் உச்சத்துல இருக்கும். ஃப்ரிட்ஜ்ல அடுக்கி வச்சிருக்கற டப்பாவ வாங்காதீங்க, அரிசி ரப்பரா இறுகிப் போயிருக்கும். சுடச்சுட வெந்த அரிசில தேங்காய்ப்பால் ஊத்திக் கலந்து மூடி வச்சிருக்கற கடையா பாருங்க. தனியா ஒரு குட்டிப் பாக்கெட்ல உப்புப் போட்ட தேங்காய்ப்பால் தருவாங்க, கூடவே வறுத்த பாசிப்பருப்பு. பருப்பைச் சாப்பிடற நேரத்துல தூவுங்க, முன்னாடியே கொட்டினா நமுத்துடும். பழத்தை அப்பவே வெட்டித் தர்றாங்களான்னும் பாருங்க. முன்னாடியே வெட்டி வச்சதுன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க.