ஆயாவின் பெட்டியும் 75 கைகளும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன், அக்கா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் ரோட்டோரம் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் வியாசர்பாடிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சர்வாதிகார ஆட்சியைத் தாங்கி நிற்பது தலைவனின் பிடியா, தளபதிகளின் துப்பாக்கியா என்பது தலைப்பு. துப்பாக்கிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். வேறு ஊராக இருந்தால் புத்தகத்தைப் புரட்டியிருப்பேன். இங்கே எங்கள் ஆயாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் போதும். புடவைக்கு அடியில், துணியில் சுற்றி, பர்மாவின் மூன்று 100 கியாட் நோட்டுகள் இருக்கின்றன. மடித்த இடமெல்லாம் நைந்துவிட்டது. ரங்கூனில் இட்லி விற்றுச் சேர்த்த காசு அது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். ஆயா கப்பலேறி நம்ம துறைமுகத்தில் வந்து இறங்கினார். அப்படி ஒரு பெட்டி இந்தக் கூட்டத்திலேயே பல வீடுகளில் இருக்கும்.

அக்கா கேட்டார்: "ஒன்பது ராசியான எண் என்று 1987-இல் 45, 90 கியாட் நோட்டு அடித்தவர் நே வின். ஒரு தனிமனிதனின் நம்பிக்கைதானே நாட்டையே ஆட்டிவைத்தது?" ஆட்டிவைத்தது உண்மைதான் அக்கா. அப்புறம் என்ன ஆனது? 1988-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நே வின் விலகினார். தலைவனின் பிடிதான் தூண் என்றால் அன்றைக்கே கூரை சரிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் ராணுவம் நேரடியாகவே ஆட்சியை எடுத்துக்கொண்டது. கடைசியில் அந்த நே வின்னையே ராணுவ அரசு வீட்டுக்காவலில் வைத்தது. 2002 டிசம்பரில் அந்தக் காவலிலேயே அவர் உயிர் போனது. தன்னை வளர்த்த தலைவனையே பூட்டி வைத்துவிட்டு ஆட்சியைத் தொடர முடிகிறதென்றால், தூண் எது?

அண்ணன் சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலினைக் கொண்டுவந்தார். 1937-இல் மார்ஷல் துகாசெவ்ஸ்கியையே சுட்டுக் கொன்றவர் முன்னால் எந்தத் தளபதி நிமிர்ந்து நின்றான் என்றார். சரி, ஸ்டாலின் உயிரோடு இருந்தவரை யாரும் நிமிரவில்லை. 1953 மார்ச்சில் அவர் இறந்தார். ரகசியப் போலீஸைக் கையில் வைத்திருந்த பெரியாவைப் பிடிக்க வேண்டும் என்று ஜூன் மாதம் அவருடைய சகாக்களே முடிவு செய்தார்கள். கிரெம்ளின் காவலர்களோ பெரியாவின் ஆட்கள். என்ன செய்தார்கள்? ராணுவத்தின் மார்ஷல் ஷூக்கோவைக் கூப்பிட்டார்கள். 1957 ஜூனில், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷேவின் நாற்காலி ஆடியபோதும், அவரைக் காப்பாற்றக் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர்களை மாஸ்கோவுக்கு அள்ளிக்கொண்டு வந்தவை ஷூக்கோவின் ராணுவ விமானங்கள். நான்கே மாதத்தில் அதே ஷூக்கோவின் பதவியைக் குருஷேவ் பறித்தார். அண்ணன் இதைத் தலைவனின் வெற்றி என்பார். காப்பாற்றத் தெரிந்தவனுக்குக் கவிழ்க்கவும் தெரியும் என்ற பயம் அது என்கிறேன் நான்.

சீனாவில் துப்பாக்கி கட்சியின் கையில் இருக்கிறது என்றார்கள். எதிரணியின் வலுவான வாதம் இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெங் சியாவோபிங்கைப் பாருங்கள். சீனாவையே ஆட்டிவைத்த காலத்தில் அவர் நாட்டின் அதிபராகவும் இல்லை, கட்சியின் பொதுச்செயலாளராகவும் இல்லை. 1987-இல் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழு நிலைக்குழுவையும் விட்டார். மத்திய ராணுவ ஆணையத் தலைவர் பதவியை மட்டும் 1989 நவம்பர் வரை விடவில்லை. எந்தச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார் என்று பார்த்தாலே தெரியும், எந்தப் பெட்டியில் பணம் இருந்ததென்று.

எகிப்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 பிப்ரவரி 10. ராணுவ உயர்குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதை டிவியில் காட்டினார்கள். முப்பது வருடம் ஆண்ட முபாரக் அந்த அறையில் இல்லை. மறுநாள் பதவியிலும் இல்லை.

மறுபடி பர்மாவுக்கு வருகிறேன், மன்னியுங்கள். ஆயாவின் பேத்தியால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 2008 அரசியல் சட்டத்தில் நாடாளுமன்றத்தின் கால் பங்கு இடங்கள் தேர்தலே இல்லாமல் ராணுவத்துக்கு. அடிப்படையான பிரிவுகளைத் திருத்த வேண்டுமென்றால் 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். விரல் விட்டு எண்ணுங்கள் தாய்மார்களே. நூறு பேரில் 25 பேர் ராணுவம். மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய 75 பேரும் ஒருவர் விடாமல் கை தூக்கினாலும் ஒரு கை குறையும். அந்த ஒரு கை சீருடை போட்டிருக்கும். உள்துறையும் பாதுகாப்பும் எல்லை விவகாரமும் யாருக்கென்று சொல்வதும் தலைமைத் தளபதிதான். இவ்வளவும் போதவில்லை. 2020 நவம்பரில் மக்கள் ராணுவத்தின் பக்கம் போகாமல் ஆங் சான் சூச்சியின் கட்சிக்கு அள்ளி அள்ளி ஓட்டுப் போட்டார்கள். 2021 ஜூலையில் 65 வயதாகி ஓய்வு பெற வேண்டிய தளபதி மின் ஆங் ஹ்லைங், பிப்ரவரி 1 அன்று விடியும் முன்பே ஆங் சான் சூச்சியைக் கைது செய்து ஆட்சியை எடுத்துக்கொண்டார்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி அடுத்து பேச வரும்போது எனக்கு ஒன்றை மட்டும் சொல்லட்டும், நடுவர் ஐயா: அந்த 75 கைகளுக்குக் குறைகிற ஒரு கையை எந்தத் தலைவனிடம் போய்க் கேட்பது? நன்றி, வணக்கம்.