அளவுகோலை வெள்ளம் கொண்டுபோன பின்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தில் இருக்கும் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஆற்றின் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். உம்கேனி ஆறு மேட்டுநிலச் சதுப்பில் பிறந்து, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்ற நான்கு அணைகளைக் கடந்து, நம் ஊரின் வடபுறத்தில் கடலில் கலக்கிறது. அந்த அணைகளில் இந்த வாரம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும் இரகசியமல்ல. நீர்த்துறை நாட்டின் முக்கிய அணைகளின் இருப்பை வாரந்தோறும் சதவீதக் கணக்கில் வெளியிடுகிறது. கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்க் கணக்கை ஊர் பார்க்க வைப்பது நமக்குப் புதிதல்ல. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரி வாரியத்துக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரை விலக்க வேண்டும் என்ற விதிகளைச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். ஆனால் சுவரில் எழுதியிருப்பதால் மட்டும் ஏரி தூர்வாரப்பட்டுவிடாது, படிக்கத் தெரிந்தவர் நின்று படிக்க வேண்டும். நான் இன்று பேச வந்தது அந்தப் படிப்பைப் பற்றித்தான்.

இனாண்டா அணையை எடுத்துக்கொள்வோம். அது நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பட்டியல் சொன்னால் நாம் நிம்மதி அடைகிறோம். அந்தச் சதவீதம் கொள்ளளவை மட்டுமே சொல்கிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. அதே அணையை ஐரோப்பிய நாடுகளின் 'சென்டினல்-2' என்ற செயற்கைக்கோள்கள் எடுக்கும் படத்தில் பாருங்கள். இதுவும் இலவசம், மேகம் மறைக்காவிட்டால் ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைக்கும், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் நிலத்தைக் காட்டும். நீல நீர்ப்பரப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் திட்டுகள் பரவியும் காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கியும் கிடப்பதைப் பல மாதங்களில் காணலாம். அது ஆகாயத்தாமரை. தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்தால் அது கொழுத்து வளரும். அடர்ந்து மூடினால் கீழே வெளிச்சம் இறங்காது, ஆக்சிஜன் குறையும், மீன் சாகும்.

அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மூன்றாவது ஏட்டைத் திறக்க வேண்டும். கழிவுநீர் நிலையங்களை மதிப்பிடும் 'பச்சைத் துளி' என்ற அறிக்கையை அரசே வெளியிடுகிறது. நடுவில் பல ஆண்டுகள் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2022இல் மீண்டும் வந்தபோது, மதிப்பிட்ட 850 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகளில் 334 அமைப்புகள் படுமோசமான நிலையில் இருப்பதாக அதுவே ஒப்புக்கொண்டது. தன் குறையைத் தானே அச்சிட்ட அரசை அந்த ஒரு விஷயத்திலாவது பாராட்டத்தான் வேண்டும். அணையின் இருப்பை ஒருவர், செயற்கைக்கோள் படத்தை வேறொருவர், கழிவுநீர் மதிப்பெண்ணை மூன்றாமவர் என்று வெவ்வேறு காரியங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே மேசையில் பரப்பும்போதுதான், நிரம்பிய அணைக்குள் ஓர் ஆறு மூச்சுத் திணறிக்கொண்டிருப்பது தெரிகிறது.

சட்டம் இதை அறியாததல்ல. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ச்சூழலுக்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் வயலுக்கும் ஆலைக்கும் உரிமமாகப் பங்கிட வேண்டும் என்கிறது. ஆயினும் 2018இன் தேசியப் பல்லுயிர் மதிப்பீடு, ஆறுகளின் சூழல் வகைகளில் 64 சதவீதமும் சதுப்பு வகைகளில் 79 சதவீதமும் அச்சுறுத்தலில் இருப்பதாகக் காட்டுகிறது.

இனி, ஆற்றின் அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பட்டியலை நம்புவதற்கும் சந்தேகிப்பதற்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அளவு நிலையத்தில் உள்ள கருவி ஓட்டத்தை நேராக அளப்பதில்லை, நீரின் உயரத்தைத்தான் அளக்கிறது. இந்த உயரத்துக்கு வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று முன்பே அளந்து வைத்த ஓர் அட்டவணை அதை ஓட்டமாக மாற்றுகிறது. அந்த அட்டவணை சாதாரண நாட்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு செய்யப்பட்டது. வெள்ளம் கரை தாண்டும்போது அதன் கணக்கு ஊகமாகிவிடுகிறது. வெள்ளம் இன்னும் பெருகினால் கருவியே மூழ்கும், அல்லது உடைந்து போகும். ஆகவே நாம் அறிந்துகொள்ள மிகவும் ஆசைப்படும் அந்த ஒரு நாளில்தான் பட்டியலில் வெற்றுக் கட்டம் நிற்கும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 400க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நமக்கு வடக்கேயுள்ள டோங்காட் ஊரின் குடிநீர் நிலையம் சிதைந்து, நம் உறவினர்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றார்கள். முன்பு நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை எதிர்பார்க்கத்தக்க அத்தகைய மழை, புவி சூடேறிய காரணத்தால் இப்போது இருபது ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியதாகிவிட்டது என்று உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு (World Weather Attribution) என்ற அறிவியலாளர் குழுவினர் சில வாரங்களில் கணித்தார்கள். நெடுங்கால மழைப் பதிவு இல்லாமல் இப்படிப்பட்ட கணக்கைப் போட முடியாது. நம் நாட்டில் ஆற்று ஓட்டத்தின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மழைப் பதிவுகள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. வானிலைச் சேவை தன் வருவாயில் ஒரு பங்கைத் தானே ஈட்ட வேண்டுமென்று சட்டம் வைத்திருப்பதால், ஆய்வுக்கென்று கேட்டால் ஒரு வழி, மற்றவர் கேட்டால் கட்டணம் என்றாகிவிட்டது. வரிப்பணத்தில் அளந்த மழையை வரி கட்டியவருக்கே விற்பது எனக்கு ஏற்புடையதல்ல. 1981 முதலான மழையைச் செயற்கைக்கோளிலிருந்து கணித்துத் தரும் இலவசத் தொகுப்புகள் ஓரளவு கைகொடுக்கின்றன. ஆனால் நம் மலைச்சரிவுகளின் பெருமழையை அவை குறைத்துக் காட்டக்கூடும். தரையில் வைத்த மழைமானியோடு ஒப்பிடாமல் அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெற்றுக் கட்டத்தை நிரப்ப வழியுண்டா? உண்டு. 1984இல் டொமோய்னா புயல் இம்மாநிலத்தின் வடபகுதியைப் புரட்டியபோது, நீர்த்துறைப் பொறியாளர்கள் பின்னர் கரையோரம் நடந்து, வெள்ளம் விட்டுச் சென்ற வண்டல் கோடுகளையும் மரங்களில் சிக்கிய குப்பையின் உயரத்தையும் அளந்தார்கள். அந்த உயரங்களையும் ஆற்றின் சரிவையும் குறுக்குவெட்டையும் வைத்து உச்ச ஓட்டத்தைக் கணித்தார்கள். கருவி விட்ட இடத்தில் சேற்றுக்கோடுதான் சாட்சி.

எனக்குத் தெரிந்த ஆற்றோரக் கோயில் ஒன்றில், 2022இன் சேற்றுக்கோடு உள்சுவரில் என் மார்பளவுக்குத் தெளிவாக நின்றது. அடுத்த முறை அளவு நாடாவுடன் போவதற்குள், திருவிழாவுக்காகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கோயில் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். இனி வெள்ளம் வடிந்ததும், தூரிகையை எடுப்பதற்கு முன்பு, தரையிலிருந்து கோடு வரையிலான உயரத்தை அளந்து, நாடாவும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தேதியையும் இடத்தையும் குறித்து, நகராட்சிக்கு ஒரு படியும் இச்சங்கத்துக்கு ஒரு படியும் அனுப்புங்கள். அதன் பிறகு தாராளமாகச் சுண்ணாம்பு அடிக்கலாம்.