30 வினாடிக்குள் பிடித்தாக வேண்டிய பாட்டு

[திரை: கைபேசியில் ஒரு பாட்டு தொடங்குகிறது. மூலையில் வினாடிகள் ஓடுகின்றன.]

ஒரு பாட்டைப் போடுகிறீர்கள். இருபது வினாடி போனதும் மனசு ஒட்டவில்லை, அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறீர்கள். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் அந்த இருபது வினாடிக்குக் கணக்கே கிடையாது. 30 வினாடியைத் தொட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம், அதாவது காசுக்காக எண்ணப்படும் ஒரு கேட்பு. அதற்கு மேல் பத்து நிமிடம் லயித்துக் கேட்டாலும் அதே ஒரு ஸ்ட்ரீம்தான்.

இப்போது அந்தப் பாட்டை உருவாக்குகிறவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மெல்ல மெல்ல விரியும் ஒரு முன்னிசையை வைக்கத் துணிவு வருமா? பல்லவியை முன்னுக்குத் தள்ளத்தான் கை போகும். ஒரு நீண்ட பாட்டுக்குப் பதிலாக மூன்று குட்டிப் பாட்டு போடலாமே என்று தோன்றும். முன்னிசையை வெட்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. காசை எண்ணும் விதமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சந்தையும் கலையும் என்று பேச்செடுத்தால் நாம் உடனே விலைக்குப் போய்விடுகிறோம். எது அதிகம் விற்கிறது, யாருக்கு எத்தனை கோடி என்று. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அளவுகோல். எதை எண்ணிக் காசு கொடுக்கிறார்களோ, அது படைப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

[திரை: சுழலும் பழைய இசைத்தட்டு.]

இது இன்றைக்கு வந்த சங்கதி இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். இரவு முழுக்க வாசிக்கக்கூடியவர்களும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கினார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல். ஜாஸ் கலைஞர்கள் ஒரே இசையை நீளமாக வாசித்துப் பதிவு செய்ய முடிந்தது. ஆகவே சந்தை கலையைக் குறுக்கத்தான் செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அது இடத்தைப் பெரிதாக்கியும் கொடுத்தது.

வீடியோவிலும் இதே கதை. யூடியூபில் நடுவே விளம்பரம் போட முன்பு 10 நிமிட நீளம் வேண்டும். 2020 ஜூலையில் அதை 8 நிமிடமாகக் குறைத்தார்கள். விஷயம் தீர்ந்த பிறகும் பத்து நிமிடத்தைத் தாண்டும்வரை இழுத்த வீடியோக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சரி, எண்ணியாகிவிட்டது. பங்கு பிரிப்பது எப்படி?

[திரை: பல கைகள் ஒரே உண்டியலில் காசு போடுகின்றன.]

நாம் கட்டும் சந்தா நாம் கேட்ட கலைஞருக்குப் போகிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ஸ்பாட்டிஃபை முறையில் எல்லார் பணமும் ஒரே உண்டியலுக்குள் போகிறது. மொத்த ஸ்ட்ரீமில் யாருடைய பங்கு எவ்வளவோ, அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஒருவர் மாதம் முழுக்க ஒரே ஒரு புல்லாங்குழல் கலைஞரை மட்டும் கேட்டிருக்கலாம். அவர் பணத்தின் பெரும்பகுதி, அவர் ஒருமுறைகூடக் கேட்காத நட்சத்திரங்களுக்குப் போய்விடும். 2024இலிருந்து இன்னொரு விதியும் உண்டு: 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத பாட்டுக்கு அந்த உண்டியலில் பங்கே இல்லை. தொகை சில்லறைதான். ஆனாலும் ஒருவர் உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது எனக்கு ஏற்கவில்லை. சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு இசைத்தளம் 2021இல், தனித்து இயங்கும் கலைஞர்களுக்காக வேறு வழியைத் தொடங்கியது: கேட்பவரின் பணம் அவர் கேட்டவர்களுக்கே. நியாயம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு வாதம் வரும். சரக்கு நன்றாக இருந்தால் தானாக மேலே வராதா?

[திரை: எட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அதே பாட்டுகள், வேறு வேறு வரிசையில்.]

மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். 14,000க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும் காட்டப்பட்டது. மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் மற்றவர்கள் எதை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். ஒவ்வொரு உலகத்திலும் வேறு வேறு பாட்டு முன்னுக்கு வந்தது. ஒரே பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40ஆவது இடம்! ரொம்ப நல்ல பாட்டு அடியோடு தோற்றது அரிது. ரொம்ப மோசமானது ஜெயித்ததும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு என்ன வேண்டுமானாலும் நடந்தது. முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்களோ, பின்னால் வந்தவர்கள் அதன் பின்னே போனார்கள். 'அதிகம் கேட்கப்பட்டவை' என்ற பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 40ஆவது இடம்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், வேகப்படுத்தவே முடியாத மேடைக் கலைகளும் இருக்கின்றன. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் இதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன, கூலியும் கூடுகிறது. ஆனால் நால்வர் வாசிக்கும் இசையை இருவர் வாசிக்க முடியாது, பாதி நேரத்திலும் முடிக்க முடியாது. அந்த நால்வரும் மற்றவர்களைப் போலவே பிழைக்க வேண்டும். எனவே செலவு ஏறிக்கொண்டே போகிறது. டிக்கெட் விலையை ஏற்ற வேண்டும், இல்லை பாத்திரங்கள் குறைந்த நாடகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். மேடையில் ஆள் குறைவதற்குப் பின்னால் சிலநேரம் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஓவியத்தில் சிக்கல் வேறு. ராபர்ட் ரௌஷன்பர்க் 1958இல் 900 டாலருக்கு விற்ற ஒரு படைப்பை, வாங்கிய ராபர்ட் ஸ்கல் 1973இல் ஏலத்தில் 85,000 டாலருக்கு விற்றார். வரைந்தவருக்கு அதில் ஒரு டாலர்கூட இல்லை. ரௌஷன்பர்க் ஸ்கல்லிடம் நேருக்கு நேர் கோபப்பட்டார். மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு பங்கு என்ற சட்டத்தைப் பிரான்ஸ் 1920இலேயே கொண்டுவந்திருந்தது. சந்தை விதிகள் மனிதர்கள் எழுதியவை, மாற்றவும் முடியும் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

[திரை: எண்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன.]

அயர்லாந்து 2022இல் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. தகுதியுள்ள விண்ணப்பங்களிலிருந்து 2,000 கலைஞர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு வாரம் 325 யூரோ கொடுத்தார்கள். எத்தனை விற்றது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கேற்ப அந்தத் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.