மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரம்பா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன கிழமை வந்த கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும்தான் எடுக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். இது என்னை விடுகிறதாக இல்லை. சமைக்கும்போதும் இதுதான், பிள்ளைகளை நேசரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போதும் இதுதான். மானிப்பாய்ப் பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்:

"அக்கா, என்ர மகனுக்கு மூண்டு வயசு. சரியான குழப்படி. ரெண்டு அடி போட்டால்தான் சரிவருவான், வேதத்திலயும் பிரம்பெண்டு கிடக்குத்தானே எண்டு மாமி சொல்லுறா. எனக்குக் கை வருகுதில்லை. அப்ப நான் வசனத்துக்குக் கீழ்ப்படியாத தாயோ?"

முதலில் நேரே பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என் வழக்கப்படி எங்கேயாவது போய்விடுவேன், உங்களுக்குத் தெரியும்தானே. இல்லை தங்கச்சி. மூன்று வயதுப் பிள்ளையை அடிக்காததால் நீங்கள் வசனத்தை மீறவில்லை.

மாமி சொல்வது நீதிமொழிகள் 13:24. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." அது இருக்கிறது, நான் மறைக்கவில்லை. சிலர் அது மேய்ப்பன் ஆட்டை வழிநடத்துகிற கோல்தான் என்று சொல்லி நழுவப் பார்ப்பார்கள். 23:13க்குப் போனால் அது சரிவராது. பிரம்பினால் அடித்தால் அவன் சாகான் என்று அங்கே பச்சையாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை முதலாம் அதிகாரத்திலிருந்து பொறுமையாக வாசித்துக்கொண்டு வாருங்கள். "என் மகனே, என் மகனே" என்று தகப்பன் யாரைக் கூப்பிடுகிறார்? கொள்ளையடிக்கப் போகிறவர்கள் கூப்பிட்டால் போகாதே என்கிறார். ஐந்தாம், ஏழாம் அதிகாரங்களில் பரஸ்திரீயின் வாசல் பக்கம் போகாதே என்கிறார். அந்த 23ஆம் அதிகாரத்திலேயே கொஞ்சம் கீழே வந்தால் மதுபானம். இதெல்லாம் மூன்று வயதுக்காரனுக்கு வருகிற சோதனைகளா? அங்கே நிற்கிறவன் மீசை அரும்பின பெடியன். தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுகிறவனுக்கும் சப்பாத்தைக் கிணற்றுக்குள் போடுகிறவனுக்கும் (எங்கள் வீட்டுக் கதை, ஒன்றைப் போட்டுச் சத்தம் கேட்டுவிட்டு மற்றதையும் போட்டான்) அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவது பொருத்தமில்லை.

இன்னொன்று. "அடியாத மாடு படியாது" என்பது வேதத்தில் இல்லை! அது நம்முடைய பழமொழி. ஞாயிறு பாடசாலையில் நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனம் சொல்லுங்கோ என்று கேட்டதற்கு ஒரு பெரிய பெடியன் எழும்பி நின்று இதைத்தான் சொன்னான், அதிகாரமும் வசன எண்ணும் சேர்த்து. சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் வேதாகமத்தைத் திறந்து பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டே சுற்றறிக்கை விட்டுவிட்டது. நம்முடைய வீடுகளுக்குள் இன்னும் அந்த மாடுதான் நிற்கிறது.

சரி, இப்போது பிரம்பைப் பற்றி எழுதிய சாலொமோன் ராஜாவின் வீட்டுக்கே போவோம். அவருடைய மகன் ரெகொபெயாம். 41 வயதில் ராஜாவாகிறான். ஜனங்கள் வந்து, உம்முடைய தகப்பன் வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையும் என்று கேட்கிறார்கள். முதியோர், பட்சமாகப் பதில் சொல்லும் என்று புத்தி சொல்கிறார்கள். அவனோ, என் தகப்பன் உங்களைச் சவுக்கால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்கிறான். இஸ்ரவேலில் பத்துக் கோத்திரம் அவனை விட்டுப் போய்விட்டது. 1 இராஜாக்கள் 12, இன்றிரவே வாசியுங்கள். இவ்வளவு ஞானத்தை எழுதிவைத்த மனுஷனின் பிள்ளைக்கு ஏன் இப்படி? அதற்கு முந்தின அதிகாரத்தில் பதில் இருக்கிறது. சாலொமோனின் இருதயம் கர்த்தரை விட்டுத் திரும்பிப்போயிற்று. எழுத்தில் ஞானம் இருந்தது, எழுதினவரின் இருதயம் வேறு இடத்தில் இருந்தது.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று விளங்கியிருக்கும். ஓம், உபாகமம் ஆறாம் அதிகாரம்தான்! ஆறாம் வசனத்துக்குப் பிறகுதான் ஏழாம் வசனம். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்பது ஏழாவது. அதற்கு முன்னால், இந்த வார்த்தைகள் "உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்று ஆறாவது. பெற்றோர் நாங்கள் ஆறைத் தாண்டி ஏழுக்குப் பாய்கிறோம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். பழையவர்கள் இன்னொரு தரம் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

என் அம்மம்மா உடுவிலில் படித்தவர். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கின அதே பள்ளிக்கூடம். சங்கீதங்களை அந்த நாளிலேயே பாடமாக்கி வைத்திருந்தார். ஆனால் எங்களை இருத்தி வைத்துப் படிப்பித்தது குறைவு. சண்டைக் காலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருக்கும்போது 91ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பார், எங்களுக்காக இல்லை, தன் பயத்துக்காக. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தோமே, அந்த மழையில், அந்த நெரிசலில், நாவற்குழிப் பாலம் வருமட்டும் என் கையைப் பிடித்தபடி "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சில இடத்தில் அழுதார், திரும்பத் தொடங்கினார். வழியில் நடக்கிறபோதும் அவைகளைக் குறித்துப் பேசு என்று உபாகமத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரோட்டுதான் ஞாபகம் வரும். அந்தச் சங்கீதத்தை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்லுவேன்.

அப்படியென்றால் கண்டிக்கவே வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. ஆசாரியன் ஏலியின் மேல் வந்த குற்றச்சாட்டே, பிள்ளைகளை அடக்கவில்லை என்பதுதான். அவர் மகன்மாருக்குப் புத்தி சொன்னதாக 1 சாமுவேல் 2இல் இருக்கிறது, ஆனால் அதற்குச் சற்று முன்னாலேயே அவர் மிகவும் கிழவராகிவிட்டார் என்றும் இருக்கிறது. நேரம் கடந்துவிட்டது. தாவீது ராஜாவும் தன் மகன் அதோனியாவை நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று வயதில் அடக்குவது என்றால் கிணற்றடியிலிருந்து தூக்கிக்கொண்டு வருவது, இல்லை என்றால் இல்லை என்று நிற்பது, அவன் கத்தினாலும் நிற்பது. அடிப்பதைவிட இதுதான் கஷ்டம், நாரி முறியும்.

அதே ஏலியைப் பற்றி என் மகள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். சின்னச் சாமுவேலின் கதையை (கர்த்தர் இரவில் கூப்பிட, ஏலிதான் கூப்பிட்டார் என்று பிள்ளை அவரிடம் ஓடின கதை) நுளம்புவலைக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அம்மா, மூண்டு தரம் நித்திரையால எழுப்பினவன், ஏன் தாத்தா ஏசேல்லை?" என்றாள். எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் உண்மைதான். "என் மகனே, நான் உன்னைக் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்" என்கிறார், அவ்வளவுதான். கண் பார்வை மங்கின, தன் பிள்ளைகளால் மனம் நொந்த மனுஷன். நடுச்சாமத்தில் எழும்பி வந்த பிள்ளைக்கு அன்றிரவு ஒரு ஏச்சு விழுந்திருந்தால் மூன்றாம் தரம் எழும்பி வந்திருப்பானா?

மகன் ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு கேட்பது வேறு மாதிரி. "இயேசப்பா சின்னனில குழப்படியோ?" நான் லூக்கா 2ஐச் சொன்னேன். பன்னிரண்டு வயதில் எருசலேமில் தங்கிவிட்டார், மரியாளும் யோசேப்பும் மூன்று நாளைக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் பிள்ளையைத் தொலைத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் கண்டெடுத்த தாய் முதலில் என்ன செய்வாள்? முதுகில் ஒன்று விழும். மரியாளோ, மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய், விசாரத்தோடே உன்னைத் தேடினோமே என்கிறாள். கேள்வி கேட்கிறாள், தன் மனவேதனையையும் சொல்கிறாள். பிறகு அவர் வீட்டுக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று இருக்கிறது.

உண்மையில் தங்கச்சி என்னிடம் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம்: இவ்வளவு வேலைக்குள்ளே பிள்ளையோடு வசனத்தை எப்போது பேசுவது? உபாகமம் நாலு நேரம் தந்திருக்கிறது: வீட்டில் இருக்கும்போது, வழியில் போகும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. நேசரிக்குப் போகிற ரோட்டையும் படுக்கிற நேரத்தையும் பிடித்துக்கொண்டால் போதும். தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிடுங்கள்.

மாமியோடு வசனத்துக்கு வசனம் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். படுக்கிற நேரத்துக் கதையை அவரிடமே விட்டுவிடுங்கள். "மாமி, நீங்கள் சொன்னால்தான் பிள்ளை கேட்கிறான்" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். சாமுவேல் கதையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஈசாக்கைப் பலியிடப் போன கதையைச் சின்னப் பிள்ளைக்கு எந்த வயதில் சொல்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதை அடுத்த கிழமை எடுக்கிறேன். அதற்கு முன் ஆதியாகமம் 22ஐ ஒரு தரம் வாசித்துவிட்டு வாருங்கள்.