சீல் பிரிக்காத கார்டு பெட்டி: போட்ட காசு தேறுமா?

நேயர்களுக்கு வணக்கம். போக்கிமான் விளையாட்டுக் கார்டு வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிற வீடுகள் உண்டு. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தால் பின்னால் பணமாகும் என்று கணக்குப் போடுகிற பெரியவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பூஸ்டர் பெட்டி என்றால், உள்ளே என்ன கார்டு என்று தெரியாமலே வாங்குகிற பாக்கெட்டுகள் அடங்கிய பெட்டி. ஆங்கிலப் பதிப்பில் ஒரு பெட்டிக்கு 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 10 கார்டு. மொத்தம் 360. 2023-இல் வந்த 'ஸ்கார்லெட் அண்ட் வயலட்' முதல் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் நாலு 'காமன்', அதாவது மிகச் சாதாரணம்; மூன்று 'அன்காமன்', அதைவிடச் சற்றே அரிது. பெட்டிக்கு 252 கார்டு அங்கேயே போயிற்று. சும்மா கொடுத்தாலும் கடைக்காரர் யோசிப்பார். மினுங்குகிற மீதி 108-இலும் பெரும்பாலானவை சில்லறை விலைதான். எல்லோரும் தேடுவது 'ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேர்' என்ற, முழுக்கப் படம் வரைந்த அரிய கார்டை. நிறையப் பிரித்து எண்ணியவர்கள் கணக்கில் அது ஏறக்குறைய 32 பாக்கெட்டுக்கு ஒன்று. அப்படியானால் பெட்டிக்கு ஒன்று வந்துவிடுமே என்பீர்கள். வரலாம். ஆனால் அதில் பத்து வகை இருக்கிறதே! உங்கள் பிள்ளை கேட்கிற அந்த ஒரு கார்டுக்கு 320 பாக்கெட்டில் ஒரு வாய்ப்பு. பத்துப் பேர் ஆளுக்கொரு பெட்டி வாங்கினால் சராசரியாக ஒன்பது பேருக்கு அது கிடைக்காது. ஒருவரே ஒன்பது பெட்டி பிரித்தாலும் கிடைக்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. குறிப்பிட்ட கார்டுதான் வேண்டுமா? அதை மட்டும் ஒற்றையாக வாங்குங்கள். இன்னொரு முறையும் சொல்கிறேன், ஒற்றையாக வாங்குங்கள். தொகுப்பு வெளிவந்த முதல் வாரம் வேண்டாம். எல்லோரும் பிரித்து விற்கத் தொடங்கியதும் பெரும்பாலும் விலை இறங்கும்.

நாலு நண்பர்கள் கூடி உட்கார்ந்து பிரித்து விளையாடுவதற்கென்றால் பெட்டி தாராளமாக வாங்கலாம். அது பொழுதுபோக்குச் செலவு.

சரி, பிரிக்காமலே வைத்திருந்தால்? பழைய பெட்டி என்பதாலேயே விலை ஏறிவிடாது. எவ்வளவு அச்சடித்தார்கள் என்பதைப் பாருங்கள். 'மேஜிக் தி கேதரிங்' என்ற இன்னொரு கார்டு விளையாட்டில் 1994 ஜூனில் 'லெஜண்ட்ஸ்' வந்தது, நவம்பரில் 'ஃபாலன் எம்பயர்ஸ்'. முன்பெல்லாம் கேட்டதில் ஒரு பகுதிதான் கடைக்கு வரும். அதனால் ஃபாலன் எம்பயர்ஸுக்குக் கடைக்காரர்கள் தேவைக்கு மேல் பல மடங்கு எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியோ கேட்டதையெல்லாம் அச்சடித்து அனுப்பிவிட்டது! அது கடைகளில் வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்தது. இரண்டுக்கும் இன்று வயது ஒன்றுதான். ஆனால் லெஜண்ட்ஸ் பாக்கெட் ஒன்றின் விலைக்கு ஃபாலன் எம்பயர்ஸ் பெட்டியே வாங்கிவிடலாம். இப்போதைய தொகுப்புகளில் மறுபதிப்பு வேறு வரும். வந்தால் கையிருப்பின் விலை சரியும்.

அடுத்தது சீல். லோகன் பால் என்ற யூடியூபர் 35 லட்சம் டாலர் கொடுத்து ஆறு போக்கிமான் பெட்டிகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கினார். நிபுணர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன சரக்கு. 2022 ஜனவரியில் திறந்தால், உள்ளே 'ஜி.ஐ. ஜோ' என்ற அமெரிக்கச் சிப்பாய் பொம்மையின் கார்டுகள்! நம் அளவில் பார்க்க வேண்டியது பிளாஸ்டிக் உறை. மூலைகளில் சுருக்கம், சூடு பட்டு உருகிய தடம், தொளதொளப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். பாக்கெட்டின் மேல், கீழ் விளிம்பில் பல் பல்லாக அழுத்திய மடிப்பு நசுங்கியிருந்தாலோ பசை தட்டுப்பட்டாலோ யாரோ பிரித்து ஒட்டியிருக்கலாம். ஜப்பானியப் போக்கிமான் பெட்டியிலிருந்து உதிரியாக விற்கும் பாக்கெட்டை வாங்கவே வேண்டாம். 30 பாக்கெட் உள்ள வழக்கமான பெட்டியில் அரிய கார்டு ஒன்று நிச்சயம் இருக்கும். அது வரும்வரை பிரித்துவிட்டு மிச்சத்தை விற்கிறவர்கள் உண்டு.

பத்திரப்படுத்துவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறதென்று சைகை காட்டுகிறார்கள். வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள், மேலே கனம் ஏற்றாதீர்கள். விற்கும்போது இணையத் தளத்தின் கமிஷனையும் அனுப்பும் செலவையும் கழித்துவிட்டு லாபம் பாருங்கள். கூரியரில் வந்த பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். நன்றி, வணக்கம்.