மிவ்னை எழுதிய கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். பட்டுப் பாதை என்றதும் ஒட்டக வரிசையும் பட்டு மூட்டையும்தான் கண்முன் வரும். சீனாவில் புறப்பட்ட வியாபாரி ரோமாபுரி வரை போனான் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அப்படி முழுத் தூரமும் போனவர்கள் மிக அரிது. சரக்கு ஊருக்கு ஊர் கைமாறித்தான் போனது. நடுவழியில் அதைக் கைமாற்றியவர்களில் முக்கியமானவர்கள் சோக்தியர்கள். இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கிறதே சமர்கந்து, அந்தப் பக்கத்துக்காரர்கள்.

1907-இல் தொல்பொருள் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன், சீனாவின் துன்ஹுவாங்குக்கு மேற்கே இடிந்த காவல் கோபுரம் ஒன்றில் இவர்களுடைய கடிதங்களைக் கண்டெடுத்தார். காகிதத்தில் எழுதி மடித்தவை. கி.பி. 313-ஐ ஒட்டியவை என்கிறார்கள். உரியவர் கைக்குப் போய்ச் சேராதவை.

அதில் இரண்டு மிவ்னை என்ற பெண் எழுதியவை. அவளைப் பற்றிப் பேசாமல் எனக்குப் பட்டுப் பாதையைப் பற்றிப் பேச வராது. கணவன் நனைதத் அவளைத் துன்ஹுவாங்குக்கு வரவழைத்தான். அப்புறம் கண்டுகொள்ளவில்லை. மூன்று வருஷம். கையில் காசில்லை, உடுத்தத் துணியில்லை. ஊருக்குப் போகிற கூட்டத்தோடு கிளம்பலாம் என்றால், உறவுக்காரர் ஒருவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. கோயில் பூசாரி மட்டும் ஒட்டகமும் துணைக்கு ஆளும் தருவதாகச் சொன்னார். இதைத் தாய்க்கு எழுதுகிறாள்.

கணவனுக்கு எழுதியதோ வேறு ரகம். அம்மா சொல்லையும் அண்ணன் தம்பி சொல்லையும் தட்டிவிட்டு உன் பேச்சைக் கேட்டு வந்தேனே, அன்றைக்குத் தெய்வங்களுக்கு என்மேல் கோபம் போலிருக்கிறது என்கிறாள். உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ பெண்டாட்டியாக இருக்கலாம் என்கிறாள்! கடைசியில் மகள் ஷைன் சில வரி சேர்க்கிறாள்: சீனர்களிடம் ஊழியம் செய்கிறோம், ஆடுமாடு பார்த்துக்கொள்கிறோம் என்று.

திரும்பவும் சொல்கிறேன், சரக்கு கைமாறிப் போய்விடும். மனுஷி போக, கூட்டிப் போக ஓர் ஆள் சம்மதிக்க வேண்டும். வெளிநாட்டில் சம்பளமும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கு இது விளங்கும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கடல் வழியைத் தொடவே முடியவில்லை. ஒன்று மட்டும்: இன்னொரு கடிதம் பட்டில் சுற்றி, சமர்கந்து முகவரியிட்டு இருந்தது. சீனாவின் லோயாங் நகரம் எரிந்த சேதியும் 32 கஸ்தூரிப் பைகளின் கணக்கும் அதில் உண்டு. இந்தக் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது, மிவ்னையின் கடிதத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.