தண்ணீர் வைத்தும் நாய்க்கு ஏன் இப்படி இரைக்கிறது?

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "டாக்டர், எங்கள் வீட்டில் மூன்று வயது பக் நாய் இருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போவதால் பகலில் மொட்டை மாடியில் தகர ஷெட்டுக்குள் விட்டுப் போகிறோம். சட்டி நிறையத் தண்ணீர் வைக்கிறோம். ஆனாலும் சாயங்காலம் வந்து பார்த்தால் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே இருக்கிறான். ஐஸ் தண்ணீர் கொடுக்கலாமா?"

சகோதரி, நாளைக்கே அவனை அந்த ஷெட்டிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர்ப் பேச்சு அப்புறம்தான்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், காற்று பட்டதும் குளிரும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி அது சூட்டை இறக்குவது மூச்சிரைத்துத்தான். நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது சூடும் சேர்ந்து வெளியே போகும். அந்த ஈரத்துக்குத் தண்ணீர் வேண்டும், உண்மைதான். ஆனால் ஷெட்டுக்குள் காற்றே அனலாக அசையாமல் நின்றால் எவ்வளவு இரைத்தும் சூடு இறங்காது. அதிலும் பக்குக்குச் சப்பை மூக்கு, மூச்சுப்பாதை குறுகல். நீள மூக்குள்ள நம் நாட்டு நாயான சிப்பிப்பாறை தாங்குகிற வெயிலை இவனால் தாங்க முடியாது.

சரி, தண்ணீர். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோ நாய்க்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர், கோடையில் இன்னும் கூடும். ஒரு சட்டி கவிழ்ந்தாலும் இன்னொன்று இருக்கும்படி இரண்டு இடத்தில் வையுங்கள். மண்சட்டி நல்லது. அதில் நாலு ஐஸ் கட்டி போடுவதில் தப்பில்லை. மோர் கொடுப்பதானால் உப்பில்லாமல் நீர்க்கக் கொடுங்கள். நம் வீட்டு மோரில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவோம், அந்த மோர் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

இனி சொல்வதை வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈறு நன்றாகச் சிவந்து, எச்சில் கோந்து மாதிரி கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெறும் இரைப்பு இல்லை, வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் அடிபடத் தொடங்கும். அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் நாயை நனைக்க வேண்டும். போன கத்திரி வெயிலில் ஒரு லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆட்டோவில் வந்திருக்கிறார்கள், உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாசத்தில் பதறித்தான் வந்தார்கள். அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே, நிழலுக்குக் கொண்டுவந்து வயிறு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றுங்கள், ஃபேனைப் போடுங்கள். மதியம் மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும், குடத்துத் தண்ணீரை எடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிக் கிடந்தால் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தெர்மாமீட்டர் இருந்தால் 103.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். உடனே டாக்டரிடம் போங்கள். எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்தும் தெரியலாம்.

வாக்கிங்கை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் போவதானால் புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

கீழே ஹாலில் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டுப் போனால் போதும். ஒன்று கேட்க வேண்டும், அவன் எடையை நீங்கள் எழுதவில்லை. குண்டாக இருந்தால் இந்த இரைப்பு இன்னும் கூடும். எடை பார்த்துக் கீழே கமெண்டில் போடுங்கள், சாப்பாட்டை எப்படிக் குறைக்கலாம் என்று சொல்கிறேன்.